ஒன்றும் மணக்காத சுத்தம்

"ஆபீசரு பொய் சொல்லுவான், டாக்டரு பொய் சொல்லுவான், முகம் பாக்குற கண்ணாடிகூட பொய் சொல்லும். என் மூக்கு சொல்லாது. அது பொய் சொல்ற அன்னிக்கு அப்பாவு செத்துட்டான்னு மாலை வாங்கியாந்துடுங்க."

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் ஏழு பேர் முன்னிலையில் வெளியிடப்பட்ட அறிக்கை இது. ஏழு பேரும் டீயை உறிஞ்சியபடி ஏற்றுக்கொண்டார்கள்.

அப்பாவு அதற்கு முன் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் கழுவியவர். உள்ளே இறங்கி, சுவரில் படிந்த உப்பை ஆசிட் போட்டுச் சுரண்டுகிற உத்தியோகம். ஃபேக்டரி ஒருநாள் கதவைச் சாத்தியது, திறக்க மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊரில் வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயின. பாய்லருக்கும் பாத்ரூமுக்கும் ஒரே வித்தியாசம், பாத்ரூமில் இறங்க ஏணி வேண்டாம் என்பதைக் கண்டறிந்த அப்பாவு, தேங்காய்நார் பிரஷ், சுரண்டி, ஆசிட் பாட்டில் மூன்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மற்றவர்கள் பாத்ரூம் கதவைத் திறந்ததும் தண்ணீரை ஊற்றுவார்கள். அப்பாவுவுக்கு அது அநாகரிகம். முதலில் காய்ந்த வேலை. ஒட்டடை, வென்டிலேட்டர் தூசி, அப்புறம் சுவர், கடைசியில் தரை என்று மேலிருந்து கீழே வரவேண்டும். பக்கெட் தண்ணீரில்தான் ஆசிட்டை விடவேண்டும். ஆசிட்டில் தண்ணீரை விட்டால் முகத்தில் அடிக்கும். தடவிவிட்டு ஒரு பீடி நேரம் வெளியே நிற்கவேண்டும். டைல்ஸ் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். எல்லாம் ஆன பிறகும் நாறினால் ஜல்லடை மூடியைத் தூக்கி, குழிக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரவேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பங்காளிச் சண்டைக்காரர்கள். ஒரே நாளில் இரண்டையும் ஒரு வீட்டுக்குள் விடக்கூடாது.

இத்தனையும் அவருடைய மனைவி செங்கொடிக்கு மனப்பாடம். சோற்றை மென்றுகொண்டே அவர் பாடம் நடத்துவார், அவள் கேட்காமலே கேட்டுவைத்தாள்.

பாடத்தின் உச்சம் சோதனை. வேலை முடிந்ததும் அப்பாவு குழியோரம் முட்டி போட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். வீட்டுக்காரர்கள் பின்னால் கை கட்டி நிற்பார்கள்.

"நாத்தமும் கூடாது, வாசனையும் கூடாது. ஃபினாயிலு ஊத்துறவன் திருடன், திருட்டை மறைக்கிறான். ஒண்ணுமே மணக்கக் கூடாது. அதான் சுத்தம்."

செங்கொடி துறைமுகத் தொழிலாளி மகள். அப்பா கொடி பிடித்த வேகத்தில் வைத்த பேர். அவளுக்குக் காசிமேட்டுக் கருவாட்டுக் கொட்டகையில் வேலை. சாயங்காலம் திரும்பி வாசலில் நின்றால் உள்ளே நுழைய அனுமதி கிடையாது. அப்பாவு கண்ணை மூடி, அவள் மேல் வீசுவது எந்த மீன் என்று முகர்வார்.

"சொல்லுய்யா, இன்னிக்கு இன்னா?"

"இருமே... வாளை. பாதி காஞ்சது."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் தப்பவில்லை. மற்ற புருஷன்கள் மல்லிகைப்பூ வாங்கித் தந்தார்கள். பெண்டாட்டிமார் அதை வைத்துக்கொண்டு நடந்தால் திரும்பிப் பார்த்தார்களா என்பது சந்தேகம். கருவாட்டு நாற்றத்தோடு வருகிறவளைக் கண்ணை மூடி நின்று முகர்ந்த ஒரே ஆண்பிள்ளை அந்த லைன் வீட்டில் அப்பாவுதான். அவள் வெளியில் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் கொட்டகையில் மூன்று மணிக்குமேல் கை கழுவமாட்டாள்.

இரண்டாயிரத்து மூன்று பொங்கலுக்கு முந்தின வாரம். ஒரே நாளில் மூன்று வீடு. அவசரத்தில் ஆசிட் பக்கெட்டைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். குப்பென்று காற்று மாறியது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பான். அப்பாவு திருவொற்றியூர்க்காரர். இந்த ஊரில் மூச்சு அடைத்தால் ஜன்னலைச் சாத்தவேண்டும் என்பது பால்குடி மறக்குமுன் கற்ற பாடம். கேஸ் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். ஏதோ ஃபேக்டரிக்காரன் திறந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே வென்டிலேட்டரைச் சாத்தி, வீட்டுக்குள் போகக்கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் கதவையும் தாழ்போட்டு, பத்து நிமிஷம் உள்ளேயே இருந்து தேய்த்தார்.

பத்து நாள் இருமினார். பதினோராம் நாள் செங்கொடி வாசலில் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்.

"சங்கரா," என்றார் அப்பாவு. சங்கரா மீன்தான். அன்றைக்கு அவள் முட்டை வாங்கிப் பொரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பேஜாரு. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவும் அதே கொட்டகையில்தான் வேலை. நடையில் வேகக்காரி, பஸ் இறங்கினால் செங்கொடிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடுவாள். பொங்கலுக்குப் பிறகு அப்பாவு தினமும் தெருமுனையில் அவளுக்காக நிற்க ஆரம்பித்தார்.

"அவகிட்ட இன்னாய்யா தெனம் பேச்சு?"

"சும்மாதான்மே. சௌக்கியமான்னு கேட்டேன்."

"எட்டு மாசமாவா சௌக்கியம் விசாரிக்கிற? டாக்டரா நீ?"

அப்பாவு சிரித்தார். செங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பரில் ஜஹானாரா கொட்டகைக்குக் கருவாடு வாங்க வந்தார். தண்டையார்பேட்டையில் அவர் வீட்டு பாத்ரூம் நாலு வருஷமாக அப்பாவு கையில்தான். விலை பேசாமலே வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வூட்டுக்காரருக்கு உடம்பு நல்லாத்தானே கீது?"

"அதுக்கு இன்னா? கல்லு கணக்கா கீறாரு."

"இல்ல... போன வாரம் வந்து கழுவுனாரு. மண்டி போட்டு மோந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லம்மான்னு சொன்னாரு. பின்னால நான் முந்தானையால மூக்கைப் பொத்திகினு நிக்கிறேன். எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல."

செங்கொடி சண்டைக்குப் போனாள். அவர் மூக்கைக் குறை சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் யோக்யதை இல்லை என்றாள். ஜஹானாரா தலையாட்டிக் கேட்டுக்கொண்டதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கொட்டகைக்கு மட்டம். அப்பாவு கிளம்பிய பிறகு அவருடைய பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனாள். முதலில் காய்ந்த வேலை. மேலிருந்து கீழே. தண்ணீரில் ஆசிட். ஒரு பீடி நேரம் வெளியே நின்றாள், பீடி இல்லாமல். டைல்ஸ் பளபளத்தது, அப்பாவு கண்ணுக்கு எட்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. நாற்றம் மட்டும் நின்றது. முட்டி போட்டு ஜல்லடை மூடியைத் தூக்கினாள்.

முடிக்கற்றைக்குள் ஒரு எலி. செத்து இருபது நாளாவது இருக்கும்.

மூடியிலிருந்து அரை முழம் தூரத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் கொள்கைப்படி பார்த்தால் அது சரிதான். பொங்கலிலிருந்து உலகத்தில் எல்லா பாத்ரூமும் ஒரே சுத்தம். செங்கொடி எலியைத் தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

பிறகு குழியைக் கழுவினாள். ஆசிட் போகத் தரையை ஒன்பது பக்கெட் தண்ணீர் விட்டு அலசினாள். போகும்போது, "ஃபினாயிலு கீதா?" என்று கேட்டாள். ஜஹானாரா கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, பாதியைத் தன் முந்தானையில் ஊற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனார். அதற்குப் பின்னால் இருந்தவரும் போனார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் செங்கொடி ஒருத்தி, மகாராணி மாதிரி, திருவொற்றியூர் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் அவர் திட்டப்போகும் திட்டை அவளே ஒத்திகை பார்த்தாள். இன்னாமே இது கலீஜு, திருட்டுப் பசங்க வேலையை என் வூட்டுக்கே கொண்டாந்துட்டியா. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுகூடத் தயார். அவர் மட்டும் திட்டிவிட்டால் போதும். கெங்கம்மாவோடு விடிய விடிய சௌக்கியம் பேசட்டும்.

நாலரை மணிக்கே வந்து வாசலில் நின்றாள். அப்பாவு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, பக்கத்து வீட்டைப் பார்த்தார். பூட்டு தொங்கியது.

"கெங்கம்மா இன்னும் வரலியா?"

தெருமுனையில் எட்டு மாதமாக விசாரித்தது எந்த மீனின் சௌக்கியம் என்று செங்கொடிக்கு அப்போது புரிந்தது.

"வரல," என்றாள். "சொல்லுய்யா. இன்னிக்கு இன்னா?"

அப்பாவு கண்ணை மூடினார். மூச்சை ஆழமாக இழுத்தார். முந்தானை காற்றில் ஆடி அவர் கையில் பட்டது.

"நெத்திலி."

அவர் கண்ணைத் திறக்காமல் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"கூட கொஞ்சம் எறாவும் கீது," என்றார்.