தையல்நாயகியின் ஹால் டிக்கெட்

ஆரோக்கியசெல்விக்குப் பத்தாம் வகுப்பில் போனது இங்கிலீஷ் ஒன்றுதான். மற்ற நாலு பாடத்திலும் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். இங்கிலீஷில் இருபத்தேழு. திரும்ப எழுதலாம், திரும்ப எழுதலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷமும் ஓடிவிட்டது. மயிலத்துக்குப் பக்கத்தில் அவள் ஊர். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவாள். சாதம் வடிப்பாள், முட்டை உரிப்பாள், ஒழுகும் மூக்கைத் துடைப்பாள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் பல நாள் அவள்தான். ஆனால் டீச்சர் என்ற பெயருக்குப் பத்தாவது பாஸ் வேண்டும்.

அந்த வட்டாரத்தில் ஒரு டீச்சர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்த பிறகுதான் முப்பத்தேழாவது வயதில் செல்வி மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அதே இடத்துக்குக் காத்திருந்தவள் தையல்நாயகி. திண்டிவனம் போகிற வழியில் இன்னொரு கிராமத்தின் அங்கன்வாடியில் உதவியாளர். செல்வியைவிட மூன்று வயது மூத்தவள். சொந்தமாக இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். செல்வியின் அப்பா சவுரிராயன் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவர். தையல்நாயகிக்கும் விட்டுப்போனது இங்கிலீஷ்தான்.

சனிக்கிழமைகளில் திண்டிவனத்தில் வேங்கடேசன் மாஸ்டரின் டுடோரியலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் குறுக்குவழி ஒன்று சொல்லித் தந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி வரும், எட்டு மார்க். கேள்வியில் இருக்கிற வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடு, அந்த வரியை அப்படியே எழுது. யார், எங்கே, எப்போது என்ற கேள்விக்கெல்லாம் அது பலித்தது. ‘ஒய்’, அதாவது ஏன், என்று ஆரம்பிக்கிற கேள்வியில் மட்டும் செல்வி ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டாள்.

ஒரு பத்தியில், ஒரு வயசாளி தினமும் ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கிறார், ஆனால் எந்த ரயிலிலும் ஏறுவதில்லை. அவர் ஏன் வருகிறார் என்று கேள்வி. ‘அவர் தினமும் ரயில் நிலையத்துக்கு வருகிறார்’ என்று செல்வி அழகான எழுத்தில் எழுதி வைத்தாள்.

தையல்நாயகி பார்த்துவிட்டு, “ஏன் வர்றான்னு கேட்டா, வர்றான்னு எழுதி வச்சிருக்கியே” என்றாள். “மேல பாரு. புள்ள அந்த ரயில்ல ஏறித்தான் போயிருக்கான். இவன் அவன் வர்றானான்னு பாத்துக்கினு நிக்கறான்.”

“அந்த வரி எங்கக்கா இருக்குது?”

“வரி எங்கியும் இல்ல. நாமதான் புரிஞ்சிக்கணும்.”

தையல்நாயகிக்குப் பத்தி புரிந்துவிடும், எழுத வராது. ஸ்பெல்லிங் எல்லாம் தாறுமாறு. செல்விக்கு எழுத்து சுத்தம், பொருள்தான் பிடிபடாது. ஆளுக்குப் பாதி தெரிந்த இரண்டு பேரும் ஆறு மாதம் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு படித்தார்கள். டிசம்பரில் காலியாவது ஒரே ஓர் இடம் என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

ஜூலையில் துணைத்தேர்வு. செல்வி விண்ணப்பம் கொடுத்தது விழுப்புரத்தில். தேர்வு மையமும் அங்கேயே வந்தது. தையல்நாயகி கொடுத்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். “எனக்கு இங்கியே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. நீதான் பாவம், அவ்ளோ தூரம் போவணும்” என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள்.

தேர்வன்று காலை செல்வி கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏழு ஐம்பதுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாமி படத்துக்கு முன்னால், குங்குமம் வைத்த ஹால் டிக்கெட். கூடவே தையல்நாயகியின் குரல்: “சாமிகிட்ட வச்சிட்டேன் செல்வி. போனை வீட்லயே வச்சிட்டுப் போறேன். நல்லா எழுதுடி.”

செல்வி படத்தைப் பெரிதாக்கினாள். ஆறு மாதப் பழக்கத்தில் எந்த இங்கிலீஷ் எழுத்தைக் கண்டாலும் கண் தானாகக் கூட்டிப் படித்தது. மேலே, விண்ணப்பம் கொடுத்த இடம் திண்டிவனம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே மங்கலான அச்சில் தேர்வு மையம். அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். விழுப்புரம். பள்ளிக்கூடத்தின் பெயரும் அவளுடைய டிக்கெட்டில் இருந்த அதே பெயர்.

தப்பாகப் படித்துவிட்டோமா என்று தன் டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தப்பு இல்லை. தையல்நாயகி மேல்வரியை மட்டும் பார்த்திருக்கிறாள்.

விரல் போன் அடிக்கிற இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

அவள் கெட்ட எண்ணம் எதையும் நினைக்கவில்லை. தேர்வு பத்து மணிக்குத்தானே, நேரம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, அவர்கள் வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு, அவளுக்கு நிலம் இருக்கிறது, ஆபீசில் சொல்வதற்கு ஆள் இருக்கிறது, இந்த வருஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் எழுதிக்கொள்வாள் என்ற எண்ணம் வந்தது. அதை நினைத்தது தான்தான் என்று தெரிந்தபோது காது சூடானது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று ஆள் ஏற்றியது. கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்ததுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகராமல் நின்றது. முன் சீட்டில் ஓர் அம்மா தன் மகளிடம், “ஹால் டிக்கெட் எடுத்துக்கினியா, இன்னொருவாட்டி பாரு” என்றாள். யாரோ யாரிடமோ சொன்னது. செல்வி கவிழ்த்து வைத்த போனைத் திருப்பினாள். மணி எட்டு இருபத்தைந்து. தையல்நாயகியின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

தையல்நாயகியின் அங்கன்வாடி டீச்சர் பொன்னியின் எண் அவளிடம் இருந்தது. முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. பஸ் டோல்கேட்டைத் தாண்டி விக்கிரவாண்டி ஊருக்குள் நின்று கிளம்பிய பிறகு, பொன்னி டீச்சரே கூப்பிட்டார்.

“வண்டில வந்துக்கினு இருந்தேன் செல்வி, இன்னா விஷயம்?”

“தையலக்கா வீட்டுக்காரர் நம்பர் வேணும் டீச்சர். ஜல்தியா. அக்கா வேற ஊருக்குப் போய்க்கினு இருக்காங்க.”

தையல்நாயகியின் வீட்டுக்காரர் துரைக்கண்ணு நிலத்தில் இருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

“அவ எட்டேகாலுக்கே கிளம்பிட்டாளேம்மா. திண்டிவனம்னுதான் சொன்னா.”

“இல்லண்ணா. விழுப்புரம். டிக்கெட்ல விழுப்புரம்னு போட்டிருக்குது, நான் படிச்சிட்டேன். அவங்களைப் புடிச்சி எப்படியாச்சும் கூட்டியாந்துடுங்கண்ணா. பத்தரை வரைக்கும் உள்ள விடுவாங்க.”

எதிர்முனையில் மோட்டார் சத்தம் நின்றது. “மணி எட்டு அம்பதும்மா” என்றார் அவர். போன் கட்டானது.

விழுப்புரத்தில் பள்ளி வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடப் பையன்கள், பெண்பிள்ளைகள். மீதி அவளைப் போல வேலைக்காகத் திரும்பி எழுத வந்தவர்கள். எல்லோர் கையிலும் நோட்டு. செல்வி நோட்டைத் திறக்கவில்லை. ஒன்பது இருபதுக்குத் துரைக்கண்ணு கூப்பிட்டார். திண்டிவனத்தில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து கேட்டில் தையல்நாயகி தனியாக நின்றிருந்தாளாம், வண்டியில் ஏற்றிவிட்டாராம். அதற்குப் பிறகு போன் இல்லை. திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், நடுவில் அந்த லாரிகள். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பைக்கையும் செல்வி பார்த்தாள். மணி அடித்ததும் போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி, கதவோரத்தில் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த எண்ணை அவளால் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. காலையில் படத்தில் பெரிதாக்கிப் பார்த்த எண்.

வினாத்தாளைக் கொடுத்து, படித்துப் பார்க்கக் கால்மணி நேரம் விட்டார்கள். செல்வி படித்தாள், எழுத்துகள் தெரிந்தன, ஒன்றும் உள்ளே போகவில்லை. கால்மணி முடிந்தது. எழுதலாம் என்றார்கள். வராதவர்களைக் குறித்துக்கொள்ள மேற்பார்வையாளர் தாளோடு கதவோரத்துப் பெஞ்சுக்கு வந்து, எண்ணைப் பார்த்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போது வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

தையல்நாயகி உள்ளே வந்தாள். முடியெல்லாம் கலைந்து, முகத்தில் ரோட்டுத் தூசி. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். தையல்நாயகி யார் பக்கமும் திரும்பவில்லை. பேனாவைத் திறக்க அவளுக்கு இரண்டு முறை தவறியது.

செல்வி எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கடைசிப் பக்கத்துப் பத்தியில் ஒரு பெண், மழைக்காலத்தில் மூன்று வாரம் தன் வீட்டு ஜன்னலை மூடாமலே வைத்திருக்கிறாள். தரையெல்லாம் நனைகிறது. அவள் ஏன் மூடவில்லை என்று கேள்வி. செல்வி ஜன்னல் என்ற வார்த்தையைத் தேடவில்லை. முதல் வரியிலிருந்து மெதுவாக, கதை கேட்பதுபோலப் படித்தாள். ஜன்னல் சட்டத்தில் குருவி கூடு கட்டியிருப்பது மூன்றாம் வரியில் வந்தது. குஞ்சுகள் பறந்துபோனது கடைசி வரியில் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது, தையல்நாயகி இன்னும் நடுப்பக்கத்தில்தான் இருந்தாள்.

வெளியே வந்ததும் துரைக்கண்ணு கைகூப்பினார். “நீ மட்டும் சொல்லலன்னா இந்த வருஷமே போயிருக்கும்மா.” செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தையல்நாயகி புளியமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். “கடைசிப் பக்கம் தொடவே இல்லடி. படிச்சுப் பாக்கற நேரம் போயிடுச்சு. அப்பறம் கை நடுக்கம் நிக்கவே அரைமணி ஆச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு உண்மையைச் சொல்லாமலே பஸ் ஏறினாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. செல்விக்கு நாற்பத்து மூன்று. தையல்நாயகிக்கு முப்பத்தொன்று; பாஸுக்கு நாலு குறைவு.

அன்று சாயங்காலமே செல்வி அவள் வீட்டுக்குப் போனாள். தையல்நாயகி வாசலில் பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளை உதறிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“எனக்குத் தெரியும்” என்றாள் தையல்நாயகி. “பரிட்சை அன்னிக்கு வீட்டுக்கு வந்து போனைப் பாத்தேன். ஏழு அம்பத்தொண்ணுக்கு நீ படத்தைப் பாத்துட்டதா காட்டுது. எட்டு இருவத்தஞ்சுக்கு எனக்கு அடிச்சிருக்க. பாத்ததும் புரியலியோன்னு நெனைச்சேன். ஒரு மாசமா அப்படித்தான் நெனைச்சிக்கினு இருக்கேன்.”

“புரிஞ்சிதுக்கா.”

“உடனேயா?”

“உடனே.”

தையல்நாயகி கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். “உடனே அடிச்சிருந்தா நான் வீட்லயேதான் இருந்திருப்பேன். போனும் கையிலதான் இருந்திச்சு. ஒம்பதரைக்கெல்லாம் அங்க வந்து உக்காந்திருப்பேன்.” மறுபடி செடியைக் கையில் எடுத்து, “போ செல்வி. இப்ப எதுவும் பேசாத” என்றாள்.

டிசம்பரில் அந்த இடம் செல்விக்கு வந்தது. முதல் முறை டீச்சர் என்று கையெழுத்துப் போட்ட நாளில் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் கேசரி வாங்கி வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டபோது, முதல் முறையாக அந்த முப்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றி அவரிடம் சொன்னாள். அவர், “அந்த அம்மா மறுபடி எழுதுதா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச்சில் எழுதப் போகிறாள் என்று பொன்னி டீச்சர் மூலம் தெரிந்தது. டுடோரியலுக்குப் போவதை நிறுத்திவிட்டாளாம். ஜனவரியிலிருந்து செல்வி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பத்தியைத் தன் கையால் சுத்தமாக எழுதினாள். கஷ்டமான வார்த்தைகளின் ஸ்பெல்லிங்கைப் பிரித்துப் பிரித்துக் கீழே போட்டு, படமெடுத்து தையல்நாயகிக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. பார்த்துவிட்டதற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது. ஐந்தாவது வாரம் ஒரு படம் திரும்பி வந்தது: நோட்டில் எழுதிய விடைகள். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. செல்வி தப்பான ஸ்பெல்லிங்குகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. மார்ச் வரை பேச்சில்லாமல் ஏழு பத்திகள் போய் வந்தன. பொருளில் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசி இரண்டில் ஸ்பெல்லிங்கிலும் தப்பில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகள் மதியம் தூங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. செல்வி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அம்பத்தாறு” என்றாள் தையல்நாயகி.

“அக்கா…”

“எங்க வீட்டுக்காரரு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன். வச்சிடறேன்.”

உடனே வைத்துவிடவில்லை. அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. யாரையோ அதட்டி உட்கார வைத்தாள். பிறகுதான் லைன் கட்டானது.