அரிசிப் பானைக்குள் கேட்ட சத்தம்

பெரிய திரையா, சின்னதா என்று ஒரு கிழமை என்னோடு வாதாடி, தம்பி பெரிய ஜிபிஎஸ்ஸையே வாங்கித் தன் படகில் பூட்டினான். வயரைக் கொழுவியதும் அது “பீப்” என்றது. படகில் பக்கத்தில் இருந்த நான் துள்ளி எழுந்தேன்.

கடலில் நின்று கரையை மட்டுக்கட்ட உதவிய தென்னைகளைச் சுனாமி கொண்டுபோனதால், அப்பா கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்கியிருந்தார். சண்டைக்காலம். ஆமியிடம் அது அகப்பட்டால், போராளிகளுக்கு உதவுகிறவர் என்று ஆளையே கொண்டுபோய்விடுவார்கள். அதனால் அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பா.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒருநாள் காலை சுற்றிவளைப்பு. அப்பாவைச் சந்தியில் இருத்திவிட்டு, இரண்டு ஆமிக்காரர் எங்கள் குசினிக்குள் வந்தார்கள். பானைக்குள் “பீப்” என்றது. பற்றரி இறங்கினால் அது அப்படிக் கத்தும். அப்பா நிப்பாட்ட மறந்திருந்தார். ஒருவன் திரும்பினான். அம்மா இடுப்பிலிருந்த ஒன்பது மாதத் தம்பியின் தொடையில் கிள்ளினா. வீரிட்டு அழுதான். அடங்கப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி கிள்ளினா. சகிக்கமுடியாமல் அவர்கள் வெளியேறியபோது, பிள்ளையின் தொடை கன்றிப்போயிருந்தது.

“என்னக்கா, இந்தச் சத்தத்துக்கே துள்ளுறீங்க?” தம்பி சிரித்தான். கிள்ளு வாங்கிய கதையை அவனுக்கு நாங்கள் சொன்னதேயில்லை.

“இறங்கமுதல் அதை நிப்பாட்டிப்போடு,” என்றேன்.

கரையில் இறங்கிய பிறகும், நிப்பாட்டினாயா என்று மூன்று தரம் கேட்டேன்.