பதினெட்டுத் தடுக்கும் ஒரு வேலியும்

ஏப்ரல் 30: தடுக்கு 18, தூரம் 30 அடி, குரைப்பு 212.
மே 7: தடுக்கு 12, தூரம் 18 அடி, குரைப்பு 58.
மே 13: தடுக்கு 6, தூரம் 6 அடி, குரைப்பு 4.
மே 14: நோம்பி. தையல் 3.
மே 15: தடுக்கு 18, தூரம் 30 அடி, குரைப்பு 231.

ஒரு குரைப்புக்கு ஒரு புளியங்கொட்டை. இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டுக்கொண்டே நடக்கிறார் பொங்கியண்ணன். ஒரு கையில் கருப்பி என்ற நாயின் கயிறு. வேலிக்கு அந்தப் பக்கம், அதே திசையில், அதே வேகத்தில், யோகப்பிரியா தன் நாய் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். காலை ஆறரை மணி. நடை முடிந்ததும் கொட்டைகளை எண்ணி, வேலியின் மூலைக் கல்லுக்காலில் கரிக்கட்டியால் எழுதுவார். மேலே இருப்பது அந்தக் கல்லில் உள்ளபடியே.

பொங்கியண்ணனுக்கு வயது அறுபத்து மூன்று. எல்லையில் மலையாளப் பக்கம் இருக்கும் கோபாலபுரம் சுற்று வட்டாரத்தில் முப்பத்தெட்டு வருடமாகக் கம்பிவேலி போடுகிறவர். கம்பியை இழுத்துக் கட்டியதும் கிளம்பிவிடுகிற ஆள் இல்லை. இரு பக்கத்து நாய்களையும் பழக்கிவிட்ட பிறகுதான் கடப்பாரையைத் தோளில் போடுவார். "நாயி ரெண்டும் ஒத்துப்போகலீன்னா அடியில குழி பறிக்கும், கம்பியக் கடிச்சு இழுக்கும். ரெண்டே வருசத்துல வேலி தொங்கிப்போகுமுங்க" என்பார். இடுப்பில் எப்போதும் கம்பி வெட்டும் கொறடு ஒன்று. சட்டைப் பையில் கொப்பரைத் துண்டுகள், அவை நாய்களுக்கு. ஆட்டுக்குட்டி நுழைய ஒரு சந்து விடச் சொல்லி யாராவது கேட்டால் முகம் சுளிப்பார். "ஓட்ட உட்டா அது வேலி இல்லீங்க."

இந்த ஒரு வேலியில்தான் தவறிவிட்டார். ஜனவரியில் வனிதாவின் தோப்புக்கும் யோகப்பிரியாவின் புது வீட்டுக்கும் நடுவே தொண்ணூறு அடி வேலி. மறுநாளே வேறு வேலை காத்திருந்ததால், நாய்களைக் கவனிக்காமல் போய்விட்டார். ஏப்ரல் 12 அன்று வனிதாவின் கருப்பி கம்பி வழியாகவே பிஸ்கட்டின் காதைக் கிழித்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடிவந்த பள்ளி ஆசிரியை யோகப்பிரியா பஞ்சாயத்தில் பராதி, அதாவது புகார், கொடுத்தார்.

ஏப்ரல் 28 அன்று விசாரணை. நாயை வேறெங்காவது கொண்டுபோய் விடவேண்டும் என்றார்கள். வனிதாவுக்கு நான்கு கறவை மாடு. வீட்டில் வேறு ஆள் கிடையாது. விடியும் முன்னே பால் கேனோடு வாய்க்கால் மேட்டில் சொசைட்டிக்கு நடக்கவேண்டும். அது காட்டுப்பன்றி திரிகிற பாதை. "கருப்பி இல்லீன்னா நான் அந்த வழியில கால் வைக்க மாட்டனுங்க. மாட்டையெல்லாம் வித்துப்போட்டு உக்காந்துக்க வேண்டியதுதான்" என்றாள் வனிதா.

பின்வரிசையில் இருந்து பொங்கியண்ணன் எழுந்தார். "தப்பு நாயோடது இல்லீங்க சார், என்னோடது. முப்பது நாள் குடுங்க."

கொடுத்தார்கள். மே 28 வரை.

பதினெட்டுக் கீற்றுத் தடுக்குகளை முடைந்து வேலி முழுவதையும் மறைத்தார். வேலியிலிருந்து முப்பதடி தள்ளி நடை. இரவில் கருப்பி படுக்கும் சாக்கு பிஸ்கட்டுக்கு. பிஸ்கட்டின் சாக்கு கருப்பிக்கு. "மொதல்ல மூக்கு பேசோணும். கண்ணு அப்பறம் பாத்துக்குலாம்." அமைதியாகப் போகிற நாளுக்கு ஒரு தடுக்குக் குறையும், இரண்டடி தூரம் குறையும்.

அவருக்குப் பெண்பிள்ளை, பெண்நாய் எல்லாமே அம்மிணிதான். "அம்மிணி, இங்க வா" என்றால் கருப்பியும் வரும், வனிதாவும் திரும்புவாள்.

"ஏனுங்ண்ணா, எங்க ரெண்டு பேர்ல யாரைக் கூப்புடறீங்க?"

"சொன்ன பேச்சுக் கேக்கறவளத்தான்."

தடுக்கு குறையக் குறைய, வேலியோரம் வந்து நின்ற பெண்கள் இருவருக்கும் பேச்சு கூடியது. கடைசியில் வினையே அங்கேதான் வந்தது. மே 14, மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. வனிதா கறிக்குழம்புத் தூக்கை வேலிக்கு மேலாக நீட்ட, யோகப்பிரியா எட்டி வாங்க, மூடி கழன்று ஒரு எலும்பு கீழே விழுந்தது. இரண்டு நாய்களும் ஒரே பாய்ச்சல். கருப்பியின் உதடு கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அதற்குத்தான் மூன்று தையல்.

பொங்கியண்ணன் ஓடி வந்தபோது இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். "வேலிக்கிட்டத் தீனி ஆகாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்! நாயி ரெண்டும் சேர்றதுக்குள்ள நீங்க சேந்துபோட்டீங்களே!" என்று கத்தினார். பிறகு தூக்கில் மிச்சமிருந்த குழம்பை மோந்து பார்த்து, "இத வீணாக்க வேண்டாம், எனக்கு ஊத்து" என்று திண்ணைக்குப் போகாமல் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் காலை பதினெட்டுத் தடுக்கும் மறுபடி ஏறின.

மீதம் பதின்மூன்று நாள். நடை இப்போது காலையும் மாலையும். பராதி கொடுத்த யோகப்பிரியாவே விடுப்பு எடுத்துக்கொண்டு நடந்தார். ஆறாம் நாள் குரைப்பு நாற்பதுக்கு இறங்கியது. ஒன்பதாம் நாள் பன்னிரண்டு. தடுக்குகளை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தார். மே 27 மாலை ஒரே ஒரு தடுக்கு, நடுவில்.

மே 28, ஒன்பது மணிக்குப் பஞ்சாயத்து ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி படுத்திருந்த கருப்பியைப் பார்த்து, "இதாணோ கடிச்ச நாயி?" என்றார். வனிதா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பொங்கியண்ணன் கயிறுகளை அவிழ்க்கச் சொன்னார். கடைசித் தடுக்கின் கட்டைத் தானே அறுத்தார்.

கருப்பி எழுந்து வேலிக்கு வந்தது. பிஸ்கட்டும் வந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. பொங்கியண்ணனின் இடது கை பைக்குள் இருந்தது. பிஸ்கட் திடீரென்று முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டியது. அடுத்த நொடி இரண்டும் பாய்ந்தன, ஒன்றின்மேல் ஒன்றல்ல, வேலியோடு! அந்தக் கோடி வரை ஒரே ஓட்டம். திரும்பி இந்தக் கோடி வரை. மண் பறந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். "போவுது பாரு! போவுது பாரு!" என்று யோகப்பிரியா குதித்தார். ஒரு கொட்டைகூடப் பை மாறவில்லை.

பஞ்சாயத்தின் முடிவு தபாலில் வந்தது. மலையாளத்தில் இருந்ததை யோகப்பிரியா வேலியோரம் நின்று படித்துச் சொன்னார்: பராதி முடிந்தது, கருப்பி இங்கேயே இருக்கலாம். வனிதா கருப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பொங்கியண்ணன் இடுப்பிலிருந்து கொறடை எடுத்தார். வேலியின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், தான் கட்டிய கம்பியைத் தானே வெட்டினார், ஒரு நாயின் முகம் நுழையும் அளவுக்கு. வெட்டிய முனைகள் குத்தாதபடி ஒவ்வொன்றையும் உள்ளே மடக்கி, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூலைக் கல்லுக்குப் போய்க் கரிக்கட்டியால் கடைசி வரியை எழுதினார்.

ஜூன் 12, வியாழன்: கடுதாசி வந்தது.