கலக்காத எண்ணெய்

கொழும்புப் பக்கம் ஓர் இரும்பு ஆலையில் எனக்கு வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தகடாக நசுக்கும் உருளைகளுக்கு, அவை கீறாமலிருக்க, நானோ எனும் மிக நுண்ணிய தூள் சேர்த்த எண்ணெய் விடுவோம். தூள் ட்ரம்மின் அடியில் தங்கிவிடும். நன்றாகக் கலக்கித்தான் விட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போக ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் கலக்கவில்லை. "கலக்கிட்டேன்டா" என்று அடுத்த ஷிப்டுக்கு வந்த செல்வத்திடம் ட்ரம்மை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். நோர்வூட்டில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரன் அவன்.

மூன்றாம் நாள் அவனும் பையோடு லயத்துக்கு வந்து நின்றான்.

"உருளையெல்லாம் கீறிப்போச்சுண்ணே. என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. நீங்க கலக்குனீங்கதானே?"

"கலக்குனேனே."

"அப்ப நான்தான் ஏதோ பிழை பண்ணிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது அவன் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்குகிறான். நான் அதே ஆலையில் ட்ரம்மை மூன்று தடவை கலக்குகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு மேனேஜர் என்னைத்தான் காட்டுகிறார், கவனமான ஆள் என்று.