பூத்த முருங்கைக்குப் பாய்ந்த தண்ணீர்

முருங்கை தாகத்தில்தான் நன்றாகப் பூக்கும். வேர் காய்ந்து, இனிப் பிழைப்போமோ என்று சந்தேகம் வரும்போதுதான் கிளை தெரியாமல் வெள்ளை வெள்ளையாகப் பூவெடுக்கும். அந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் கண்டால் மரம் மனசை மாற்றிக்கொள்ளும். தழைக்கப் போய்விடும், பூவைக் கைவிடும். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காட்டில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு இது தெரியும். காலமெல்லாம் புகையிலை போட்டுவிட்டு முருங்கைக்கு மாறிய அப்பாவுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி. நான் பன்னிரண்டாம் வகுப்பு. கிணறு வறண்டு இரண்டு வருஷம் கழித்து, போர் போட்டுத் தண்ணீர் வந்தது. குழாய் கக்கியதைப் பார்த்த அப்பா, மோட்டாரை நிறுத்த மனசில்லாமல் பூத்து நின்ற காட்டுக்கு மடையைத் திருப்பினார்.

அம்மா ஓடி வந்தாள். "ஏனுங்க, பூவெடுத்த மரத்துக்குத் தண்ணி உடாதீங்க. பூராக் கொட்டிப்போயிருமுங்க."

"தண்ணி குடிச்சுக் கெட்ட மரத்தை எங்காச்சும் பாத்திருக்கறயா? நல்ல நாளும் அதுவுமா வாயை வெக்காதே."

நாலாம் நாள் மரத்தடியெல்லாம் வெள்ளை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று சிரித்தார். "என்னுங்க, பூப்பாதை விரிச்சாப்பல இருக்குது? மாப்பிள்ளை வாராருங்களா?"

"எல்லாம் எங்கூட்டுக்காரி வாய்ங்க. கொட்டிப்போகும்னு சொன்னா, கொட்டிப்போச்சு." அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம் அம்மணி, நீ படிக்கற புள்ளை. தண்ணி உட்டா எந்த மரமாச்சும் பூவைக் கொட்டுமா? நீயே சொல்லு."

பொரியலுக்குப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோயமுத்தூரில் காலேஜ் வேண்டும். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்க அப்பாவைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

"காத்துங்கப்பா," என்றேன். "ரெண்டு நாளாக் காத்து பலமுங்க."

அந்த நாலு நாளும் ஒரு இலை அசையவில்லை.

"கேட்டுக்கிட்டயா?" என்றார் அப்பா அம்மாவிடம். "அந்தக் காத்தும் உன்ற வாயிலிருந்துதான் கெளம்பியிருக்கும்!" வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அதன்பின் விதைப்பு என்றாலும் மாடு ஈனுகிறது என்றாலும், "நீ ஒண்ணும் சொல்லிப்போடாதே" என்று அம்மாவை உள்ளே அனுப்பிவிடுவார். சொல்லிச் சொல்லிப் பார்த்தவள், சொல்லாமலே இருக்கப் பழகிவிட்டாள்.

நான் காலேஜ் போனேன். தாவரவியல். காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு; மரத்துக்கு ஒரு பூ வேண்டாமென்றால் அந்த அடுக்கின் பிடிப்பு கரைந்துபோகும். காற்று வந்து தொடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். பிரிந்த இடத்தைத் தோல் மூடிக்கொள்ளும். எத்தனை சுத்தமான கைவிடல்! படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல பெயர் வாங்கினேன்.

தீபாவளி லீவில் அடுப்படியில் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். "அம்மா, அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. தண்ணிதான்."

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத்தான் தெரியுமே அம்மணி. எனக்கெதுக்குச் சொல்றே? வாசல்ல உக்காந்திருக்கறவருகிட்டப் போய்ச் சொல்லு."

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. நான் தட்டை எடுத்துவைத்து அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.