பை நிற்கும் வரிசை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். இன்று வெண்ணந்தூர் ரேஷன் கடையில் சாக்கு வாடை அடித்ததும், போன மாதம் இறந்த மிலிட்டரிப் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

என் சின்ன வயதில் எல்லோரும் வரிசையில் பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்த பெரியப்பா பைகளைத் தூக்கி ஓரமாக வைப்பார். "ஆளு நிக்கோணும் சாமி, பை நிக்கப்படாது."

பெரியம்மாவின் பையும் தப்பவில்லை. "ஊட்டுக்கு வாங்க, சோத்துக்கும் வரிசையில நிக்கலாம்" என்றார் பெரியம்மா.

இன்று ஏழு பைகளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி வெயிலில் நின்றாள். ஏழையும் ஓரமாக வைத்தேன். திரும்பி வந்த பைக்காரர்கள் திட்டினார்கள்; நான் அசையவில்லை. அவள்தான் முதலில் அரிசி வாங்கினாள். அடுத்த மாதமும் எடுத்து வைப்பேன்.

நண்பனுக்கு இதை அனுப்பினேன். பதில் வந்தது: "மூணாவது பை எங்கூட்டுதுடா, அம்மா உன்னயத்தான் தேடுது."