சைக்கிள் வள்ளம்

என்னிடம் கயாக் என்ற சின்னப் படகு ஒன்று இருக்கிறது. ஒருவர் உட்காரலாம். காலால் பெடலை மிதித்தால் அடியில் இருக்கும் இரண்டு தகடுகள் மீன்வால்போல அசைந்து அதைத் தள்ளும். காற்றிருந்தால் சின்னதாக ஒரு பாயும் விரித்துக்கொள்ளலாம். வர்க்கலைப் பக்கம் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழையதாக வாங்கினேன். குளச்சலை அடுத்த எங்கள் ஊர்க் கடற்கரையில் அதற்குச் சைக்கிள் வள்ளம் என்று பெயர். கிண்டல்தான்.

எங்களுடையது கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். பதினைந்து வயதில் என்னை மூன்று தடவை கடலுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று தடவையும் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி. "உனக்குக் கடலு ஒத்துவராது, போயிப் படி" என்றான் அண்ணன். படித்தேன். இப்போது வங்கி வேலை, இரணியலில் வீடு. குறை ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஊருக்குப் போனால் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்ததும், "நீ சும்மா இரிடே" என்பான் அண்ணன். அவன் ஒருநாளாவது என்னையும் கடல்காரனாக மதிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் நான் கயாக் வாங்கியது அதற்குத்தான். உடற்பயிற்சி என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

விடுமுறைச் சனிக்கிழமைகளில் மதியத்துக்குமேல் போவேன். அந்த நேரத்துக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். என்ன தப்புச் செய்தாலும் கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அது என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை கல்யாண வீட்டில் போயிற்று. மறுநாள் காலையில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மீறினால் அந்த வீட்டு வள்ளம் ஒரு வாரம் கரையில் கிடக்க வேண்டும். இது ஊர்க் கட்டுப்பாடு. நான் மீன்பிடிக்கவா போகிறேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஊர் முழுக்கப் பூசையில் இருந்தது. கடல் காலியாக, அழகாகக் கிடந்தது.

பாய் விரித்ததும் கயாக் சிட்டாகப் பறந்தது. நான் பாடக்கூடச் செய்தேன். திரும்பலாம் என்று பார்த்தபோது கோயில் கோபுரம் தீக்குச்சி அளவில் தெரிந்தது. காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பாயைச் சுருட்டிவிட்டு மிதித்தேன். கொஞ்ச தூரத்தில் பெடல் இறுகிவிட்டது. அடியில் கிழிந்த வலை ஒன்று சுற்றியிருந்தது. கைக்கு எட்டவில்லை. உதவிக்குக் கூப்பிட ஒரு வள்ளமும் கிடையாது. குனிந்து குனிந்து பார்த்ததில் வாந்தி வந்தது. பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அவன் பூசையிலிருந்து பாதியில் எழுந்து வந்தான். வள்ளத்தைத் தள்ள நாலு பேர் அவனோடு எழுந்திருக்கிறார்கள். அதோடு ஊருக்கே தெரிந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்து கயிற்றைப் போட்டான்.

"தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

சாயங்காலம் கோயிலில் பங்குச் சாமியார் முன்னால் ஊர்க் கமிட்டி கூடியது. அண்ணன் காப்பாற்ற வந்ததில் தப்பில்லை, தம்பி இறங்கியதுதான் தப்பு, ஒரே குடும்பம், ஆகவே அண்ணனின் வள்ளம் ஒரு வாரம் கரையில் கிடக்க வேண்டும் என்றார்கள். கணவாய் மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வள்ளத்தை நம்பி அவனோடு மூன்று குடும்பங்கள். நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன்.

அண்ணன் எழுந்தான். "சாமி, கட்டுப்பாடு கடல்காரனுக்குத்தானே? இவன் கடல்காரன் இல்ல. பேங்குல வேலபாக்கவன். காத்து எங்கெருந்து அடிக்குன்னுகூடத் தெரியாது. டூரிஸ்ட்டுன்னு வச்சுக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பங்குச் சாமியாரும் சிரித்தார்.

"நீ என்ன சொல்லுக?" என்று கமிட்டித் தலைவர் என்னைக் கேட்டார்.

"அண்ணன் சொன்னது சரிதான். எனக்குக் கடலு தெரியாது" என்றேன்.

வள்ளம் தப்பித்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே கோயிலில், கமிட்டி நோட்டில் என் பெயருக்கு நேராக 'வெளியாள்' என்று எழுதினார்கள். அதன் கீழே சாட்சியாக அண்ணன் கையெழுத்துப் போட்டான்.